வீட்டுக்குள் வந்த தண்ணீர்

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "கடைசிக் காலத்துல தாத்தாவை வாளி தூக்க விடாம, வீட்டுக்குள்ளயே குழாய் வச்சுக் கொடுத்தியே, அது போதும்ணா" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து என் பைப் கடையில் உட்கார முடியவில்லை.

நாம் தாத்தா வீட்டில் வளர்ந்தபோது, விடிந்ததும் அவர் இரண்டு வாளியோடு தெருமுனை அடிபம்புக்குப் போவார். அதில் ஒரு வாளியில்தான் கொல்லையில் நம் இருவருக்கும் குளியல். எனக்கு ஒரு குவளை கூடிவிட்டதென்று நீ ஊரைக் கூட்டுவாய். "சண்டை போட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் துண்டுதான், தண்ணி கிடையாது" என்பார்.

பைப் வியாபாரியின் தாத்தா வாளி தூக்குகிறாரே என்று நாலு பேர் கேட்டதால்தான் உள்ளேயே குளியலறை கட்டிக் குழாய் போட்டேன். தனியாக இருந்த அவர் வேண்டாம் என்றார். "பம்படிக்குப் போனாத்தான்டா மனுஷ முகம் பார்க்கிறேன்" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

விழுந்த உடனே போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். பொய். இரண்டு நாள் குளியலறைத் தரையில் உயிரோடு கிடந்திருக்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "முன்னெல்லாம் ஒரு நாள் அவர் பம்படிக்கு வரலைன்னா போய்க் கதவைத் தட்டிடுவோம் தம்பி. இப்பதான் உள்ளேயே தண்ணி வந்துருச்சேன்னு இருந்துட்டோம்."

இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அண்ணன்