கஸ்தூரியின் மாடு

ஆவணி 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். சாமைக்குக் களை எடுக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டு கஸ்தூரியின் கறவை மாடு பள்ளத்தில் சறுக்கி விழுந்து செத்துப்போனது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளைத் தாங்கிப் பிடித்திருந்தேன். நிமிர்ந்தால், என் வீட்டுக்காரர் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அப்போதே தட்டிவிட்டிருக்க வேண்டும்.

ஆவணி 5, வியாழன்

மதியம்தான் டவர் கிடைத்தது. எங்கள் யூடியூப் சேனலில் கஸ்தூரி அழுகிறாள். அவளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

சாமைப் பொங்கல், கொள்ளுத் துவையல், பஸ் நின்றுபோனதைப் பற்றி ஊர் ஊராக நடந்து நான் எடுத்தது. எதையும் நூறு பேர் பார்த்தால் பெரிது. இதை ஒரே நாளில் லட்சம் பேர்.

வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். "லட்சம் பேருக்கு நானா காட்டுனேன்? போன்ல அந்த ஆப் தானா காட்டுது. ஜனங்க முழுசா பாக்கறாங்க, அது இன்னும் நாலு பேருக்குத் தள்ளுது. இதுல என் தப்பு இன்னா?"

"போட்டது யாரு?"



கீழே கமெண்ட்: 'செம நடிப்பு.' 'கிளிசரின் எங்க வாங்குன?' வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள்.

ஆவணி 6, வெள்ளி

வெயில். வீடியோ வெட்டித் தரும் திருப்பத்தூர்காரர் போன் செய்தார். "அக்கா, இதே மாதிரி இன்னும் ரெண்டு குடுங்க, சேனல் எங்கியோ போய்டும். சமையலெல்லாம் இப்ப ஓடாதுக்கா."

"இன்னும் ரெண்டுன்னா, யாரு மாடு சாவணும்?"

சிரித்தார். கட் செய்தேன். அதே சூட்டில் சேனலுக்குள் போய் வீடியோவை எடுத்துவிட்டேன்.

ஆவணி 7, சனி

எடுத்தும் பயனில்லை. யார் யாரோ முன்பே இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவன் சோகப் பாட்டுச் சேர்த்திருக்கிறான். இன்னொருவன் அவள் குரலுக்குப் பதிலாக மாடு கத்துகிற சத்தம். எல்லாம் ஓடுகிறது. புகார் கொடுத்தேன், பதினோரு தடவை. 'விதிமீறல் இல்லை'. கண் சிமிட்டுவதற்குள் பதில். எந்த மனிதன் படித்தான்? ஆள் என்று ஒருத்தன் இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம்.

வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதில்லை. நல்லது.

உப்பு, தீப்பெட்டி, சோப்பு வாங்கணும்.

ஆவணி 8, ஞாயிறு

கஸ்தூரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மூன்று நாளாக வெளியே வரவில்லையாம். கையில் போன். அதில் அவளே அழுகிறாள். அது முடிந்ததும் அடுத்தது. அதிலும் அவள்.

"தள்ளத் தள்ள நானே வர்றேங்க்கா."

"பாக்காத கஸ்தூரி. நீ கடைசி வரைக்கும் பாக்கறதாலதான் அது திரும்பத் திரும்பக் காட்டுது."

"தெரியும். அதுக்குத்தான் பாக்கறேன். எங்கிட்ட மாட்டோட போட்டோ ஒண்ணுகூட இல்லக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டு கீட்டு இல்லாம, ஒங்க சேனல்ல ஒண்ணு இருந்துச்சே. அது எங்க?"

மன்னிப்பு என்ற சொல்லே வாயில் வரவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பிடித்த வீடியோ அவர் போனிலேயே இருந்தது. கஸ்தூரிக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்.

"இப்ப ஒங்க போன்ல இருக்கறத அழிங்க."

"மொத்தமா போய்டும்டி. எப்பனா ஒதவும்."

"அழிங்க."

விரலை மேலே வைத்தபடி நின்றார். அமுக்கும் வரை நான் நகரவில்லை.