அம்மாவுக்கு அது குத்தும்

என் ஸ்டெல்லா,

காலைப் பூசையில் நம் ஜெனிக்குப் புதுநன்மை கொடுத்தாயிற்று, முதல் நற்கருணை வாங்கிவிட்டாள். அக்கா சாப்பிட்டுவிட்டு லால்குடி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன. நான் வெறும் தரையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நம் பங்குக் கோயில் இதழின் நினைவுப் பக்கத்துக்கு உன்னைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் எதைச் சொல்வது? எழுதுவதை உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. சமையலைப் பழகிவிட்டேன். ஜெனிக்கு இரட்டைப் பின்னல்கூடப் போடுவேன், வகிடு மட்டும் கோணலாக வரும். என்னால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல துணி போட்டுவிட முடியவில்லை.

ஜெனிக்கு அந்தச் சாம்பல் நிற டீ-ஷர்ட்டும் முட்டிவரை வரும் எலாஸ்டிக் பேன்ட்டும்தான். பிரின்சுக்கு டைனோசர் படம் போட்ட இரவுப் பேன்ட். அது இப்போது கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. துவைத்துப் போட்டால் காயும்வரை கொடிக்குக் கீழேயே நிற்கிறான். ஸ்கூல் யூனிஃபார்ம் பழையது என்பதால் அதற்கு மட்டும் வம்பில்லை. இந்த ஜூனில் புதிது தைத்து வந்ததும் இருவரும் அழுத அழுகையில், பழையதையே தையல் பிரித்து இறக்கிவிட்டேன்.

சித்தப்பா மகள் கல்யாண ரிசப்ஷன் சமயபுரம் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஊரே பட்டும் ஜரிகையுமாக நிற்க, என் பிள்ளைகள் தூங்கி எழுந்த கோலத்தில் நின்றார்கள். போட்டோ எடுக்கிறவர் அவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளினார். "அம்மா இல்லாத புள்ளைங்கன்னு எழுதி ஒட்டுன மாதிரில்லடா இருக்கு" என்றாள் அக்கா. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் மூன்று நாள் காதை விட்டுப் போகவில்லை.

இதில் என் பிழைப்பை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரைவரை ஜவுளிக்கடை இரண்டாம் மாடியில், குழந்தைகள் பகுதியில் நிற்கிறேன். அடம்பிடித்து வருகிற பிள்ளையைக்கூடக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "ராணி மாதிரி இருக்கே பாப்பா" என்று சொல்லிப் பாவாடையை விற்றுவிடுவேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் துணி உடுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டில் இரண்டும் பனியன் துணியில் உருண்டுகொண்டிருக்கும்.

அம்மா இல்லாத ஏக்கம் என்றார்கள் சிலர். நான் கொடுத்த செல்லம் என்றாள் அக்கா. எனக்கு யோசிக்கவே தெம்பில்லை, ஸ்டெல்லா. காலையில் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் கடை யூனிஃபார்மை மாட்டுவேன். அந்தக் கெட்டிச் சட்டையும் டையும் உனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிய்த்து எறியாத குறையாகக் கழற்றிவிட்டுக் கைலிக்கு மாறுவேன். நீ பார்த்துச் சிரிப்பாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

புதுநன்மைக்கு மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒருமுறை வருகிற நாள். கடைக்கு வந்த வெள்ளை ஃப்ராக்குகளிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தேன். மேலே வலை, கழுத்தில் கல் வேலை, பஃப் கை, இடுப்புக்குக் கீழே துணி விறைப்பாக விரிந்து நிற்க உள்ளே இரண்டடுக்குக் கேன்-கேன். ஜெனி அதை ஒரு மூலையில் மட்டும் பிடித்துக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள். "வேணாம்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

போன புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. போட்டுப் பார்த்துவிடலாம் என்று அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். அக்கா கெஞ்சினாள், நான் அதட்டினேன். எப்படியோ தலைவழியாக மாட்டிவிட்டோம். ஜெனி இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கழுத்தைப் பிடித்து இழுத்ததில் கல் இரண்டு தெறித்து விழுந்தது. நான் அடித்துவிட்டேன், ஸ்டெல்லா. கன்னத்தில் அடித்தேன். அதுவரை அவள்மேல் நான் கை வைத்ததில்லை. அது உனக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க கேக்கவே இல்ல."

"என்னைக்கு? என்ன சொன்ன?"

"அம்மாவப் பெட்டில வைக்கும்போது. அம்மாவுக்கு அது குத்தும்ப்பா, நைட்டியே போட்டு விடுங்கன்னு சொன்னேன்ல."

சொன்னாள். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்ற எனக்குப் புரிந்த ஒரே வேலை துணிதான். நம் பத்தாவது கல்யாண நாளுக்கு நான் எடுத்துத் தந்த அந்த மாம்பழ நிறப் பட்டு, ஒருமுறைகூட நீ கட்டாதது, பீரோவில் பின் கழற்றாமல் இருந்தது. கட்டிக்கொள் என்று எத்தனை தடவை சொன்னேன். "அப்புறம் கட்டிக்கிறேங்க" என்று ஒவ்வொரு தடவையும் எடுத்துவைத்தாய். அன்றைக்கு அதை நானே எடுத்து, நானே பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாள் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஏழரை வயசுக் குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து அதைச் சொன்னாள். "அம்மா அழகா இருக்கணும்ல" என்றேன். யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

புதன்கிழமை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஃப்ராக்கைக் கழற்றிவிட்டு ஜெனி பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையாவது பேசவேண்டுமே என்றுதான் கேட்டேன். "அம்மா இருக்கறப்ப கிறிஸ்மசுக்கெல்லாம் புதுச்சட்டை போட்டுக்கிட்டியே பாப்பா. அதெல்லாம் குத்தலையா?"

"சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

"இப்ப சொல்லலாம்."

"நீங்க வாங்கிட்டு வந்ததும் அம்மா அதை நெறைய தடவ துவைப்பாங்க. நீங்க கடைக்குப் போனப்புறம். கழுத்துல இருக்கற லேபிள வெட்டிருவாங்க. அப்புறம் இஸ்திரி போட்டு, அட்டையெல்லாம் வச்சு, பின்னு குத்தி, திரும்பக் கவர்ல போட்டு வச்சிருவாங்க. அப்பாவுக்குப் புதுசு புதுசாவே இருக்கணும்னு சொல்லுவாங்க."

நான் எழுந்துபோய் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பழைய கிறிஸ்மஸ் சட்டைகளை எடுத்தேன். ஜவுளிக்காரன் கைக்குத் துணி பொய் சொல்லாது என்று கடையில் பீற்றிக்கொள்பவன் நான். ஒவ்வொன்றிலும் லேபிளை நூல் நூலாகப் பிரித்து எடுத்திருக்கிறாய். உள்தையல் உரசும் இடத்தில் மெல்லிய பருத்தித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறாய். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்று கவரைப் பிரித்துச் சட்டையை உதறி, "புதுத்துணி வாசமே தனி" என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுப்பேனே, நீ எப்படிச் சிரிக்காமல் நின்றாய்?

ஏன் மறைத்தாய் என்று கேட்கமாட்டேன். கல்யாணமான புதிதில் நீ ஒரு புதுப்புடவையை முதல்நாளே வாளியில் நனைத்தாய். "துவைச்சா அப்புறம் அது என்ன புதுசு?" என்று கத்தினேன். அதற்கப்புறம் நீ என் கண்முன்னால் புதுத்துணியை நனைத்ததே இல்லை. நனைக்காமல் விட்டாய் என்று நான் நினைத்தேன்.

நீ போனதோடு அதுவும் நின்றுபோயிற்று. நான் வாங்கி வந்ததைக் கஞ்சி மொடமொடப்போடு அப்படியே பிள்ளைகள் தலையில் மாட்டினேன். குத்துகிறது என்று அவர்கள் சொன்னதை அடம் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் நான் சண்டை போட்டது எதற்காக என்று புதன்கிழமைதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே அந்த ஃப்ராக்கை ஊறவைத்தேன். கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது ஒரு தடவை துவைத்தேன். வெள்ளியும் சனியும் அதே மாதிரி. கல்லையெல்லாம் எடுத்துவிட்டேன். கேன்-கேனை அறுத்தேன். லேபிளைப் பிரிக்கப்போய்த் துணியையும் கொஞ்சம் கிழித்துவிட்டேன். உன் கை எனக்கு வராது. அக்கா முதலில், "என்னடா இது, நனைஞ்ச கோழியாட்டம் தொங்குது" என்றாள். அப்புறம் அவளே உன் மெல்லிய வெள்ளை வாயில் பருத்திப் புடவையைக் கேட்டு வாங்கி, அதை வெட்டி உள்ளே லைனிங் வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடையில் ஒரு வேடிக்கை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணோடு பட்டுப்பாவாடை வாங்க வந்திருந்தார். "ஆத்துல எப்பப் பார்த்தாலும் டீ-ஷர்ட்தான் சார். உற்சவத்துக்குப் பாவாடை கட்டிக்கோன்னா ஓடறா" என்றார். அந்தப் பெண் கழுத்தைச் சொறிந்துகொண்டு என்னை எதிரி மாதிரி பார்த்தது. ராணி மாதிரி இருக்கே என்று சொல்ல வாய் வரவில்லை. "பருத்தியில பாருங்கம்மா. வாங்கிட்டுப் போய் நாலு தடவ துவைச்சுட்டு அப்புறம் கட்டி விடுங்க" என்றேன்.

"புதுசைத் துவைக்கறதா? அப்பறம் என்ன புதுசு?" என்றார் அந்த அம்மா. என் குரல்தான் அது.

இன்று காலை ஜெனி ஃப்ராக்கை வாங்கி, வழக்கம்போலக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் தேய்த்தாள். பிறகு தானே மாட்டிக்கொண்டாள். அது வடிவில்லாமல் தொங்கியது. கோயிலில் மற்றப் பிள்ளைகளெல்லாம் குடை விரித்தாற்போல நிற்க, நம் பெண் மட்டும் மூன்றாவது வரிசையில் ஒல்லியாகத் தெரிந்தாள். பூசை முழுக்க அந்தப் பிள்ளைகள் தோளையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருந்தன. ஜெனி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நின்றாள். போட்டோவில் நன்றாக வந்திருக்காது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழற்றுவாள் என்று டீ-ஷர்ட்டை எடுத்து வைத்திருந்தேன். அவள் கழற்றவில்லை. அதோடேயே பிரியாணி சாப்பிட்டாள், அதோடேயே படுத்துத் தூங்குகிறாள். முன்பக்கம் மஞ்சள் கறை ஆகியிருக்கிறது. துவைத்துக்கொள்ளலாம்.

அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சரிப்பா" என்றாள். உன்னிடம் எப்படிக் கேட்பது? அந்தப் பட்டுப்புடவையை இனி என்னால் மாற்றிவிட முடியாது. நீ பேச முடியாமல் கிடந்தபோது உனக்காகப் பேச அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவளை நான் வெளியே அனுப்பிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு மூன்று பேரும் வருவோம். ஜெனி அந்தச் சாம்பல் நிற டீ-ஷர்ட்டில்தான் வருவாள், பிரின்ஸ் டைனோசரோடு வருவான். அக்கா முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். கிறிஸ்மஸ் துணியை இந்த வருஷம் முன்கூட்டியே எடுத்து, நீ செய்த மாதிரியே துவைத்து, அட்டை வைத்து மடித்து, பின் குத்திவைப்பேன். பிரின்சுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன். புதுத்துணி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டெல்லா. இந்த வீட்டில் இனி யார் குத்துகிறது என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் முதலில் கழற்றிவிடுவேன்.

ஜெனிக்கும் பிரின்சுக்கும் அப்பா,
உன் வீட்டுக்காரன்
அருள்