கமலாசனி மடித்து வைத்த பக்கங்கள்

12.07.1960
வவுனியாக் கடைக்குச் சரக்குச் சுற்ற வாங்கிய பழைய கடதாசிக் கட்டுக்குள் பதினொரு கொலைப் புத்தகங்கள். எல்லாம் உண்மையாய் நடந்த வழக்குகளாம். ஒருவனே ஐந்து பேர், ஏழு பேர் என்று முடித்த கதைகள். கிழித்துச் சீனி சுற்றத்தான் எடுத்தேன். மத்தியானம் கடையில் ஆளில்லை. ஒரு பக்கம் பார்ப்போம் என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறியதும் தெரியவில்லை. இதில் என்ன ருசி? பிடிபடப் போகிறான் என்று முதல் பக்கத்திலேயே தெரிகிறது. தெரிந்தும், எப்படிப் பிடிபட்டான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பதினொன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

19.07.1960
கமலாசனி வாசிக்கிறாள். செத்துப்போன தன் தங்கச்சி விமலேஸ்வரியின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததிலிருந்து, எட்டு மாதமாக, என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத மனுசி. குசினியில் கொலைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருக்கிறாள். கறி அடிப்பிடித்தது தெரியவில்லை.
"அப்பிடி என்னப்பா கிடக்கு அதிலை?"
"உங்களுக்கு என்ன கிடந்ததோ, அதுதான்."

23.07.1960
பக்கங்களை மடித்து வைக்கிறாள். பார்த்தேன். கத்தி, கயிறு ஒன்றும் மடிக்கப்படவில்லை. நஞ்சு வைத்த கதைகள் மட்டும் - ஏழு மடிப்பு.
என்னிடம் என்ன குறை கண்டாள்?

24.07.1960
மத்தியானம் ஸ்டேசனடிச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டேன். தலையில் உப்புச் சுமந்து விற்று எழும்பினவன், நாற்பத்தாறு வயதில் பெண்சாதியின் சோற்றுக்குப் பயம். சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை.

27.07.1960
கேட்டுவிட்டேன். "எனக்கு நஞ்சு வைக்கப் போறியோ?"
சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு, நல்ல சிரிப்பில்லை.
"உங்களைச் சாக்காட்டிப்போட்டு, கடையிலை ஆர் நிக்கிறது?" பிறகு புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். "இதிலை ஒரு பொம்பிளை செத்தா, ஏன் செத்தவ எண்டு கேட்டு ஒருத்தன் வாறான். கடைசிப் பக்கத்திலையாவது வாறான். என்ரை தங்கச்சிக்கு ஆர் வந்தது?"
மடித்த பக்கங்களைத் திரும்ப வாசித்தேன். ஏழிலும் செத்தது பெண்சாதி. செய்தது புருஷன். ஒருத்திக்குப் பிறகு இன்னொருத்தி.
வீரகத்தியை நினைத்துத்தான் மடித்திருக்கிறாள். விமலேஸ்வரியின் புருஷன், என் சகலன். முதல் பெண்சாதியை நெடுங்கேணிக் காணியில் பாம்பு கடித்தது என்றான். நம்பி விமலேஸ்வரியைக் கொடுத்தோம். இரண்டு வருஷத்தில் அவளும் போனாள். இப்போது இரணைமடு ஏரம்புவின் மகள் இரஞ்சிதத்தை ஆவணியில் கட்டப் போகிறான். அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவன் நான்.

28.07.1960
இதையும் எழுதத்தான் வேண்டும். விமலேஸ்வரி செத்த அன்றைக்கு முதிரைப் பலகை எடுக்க நெடுங்கேணியில் நின்றேன். கமலாசனி வந்து சேரமுன் எரித்தாயிற்று. சாவைப் பதியிற ஊர் விதானையார் முதலில் தயங்கினார். "இளம் பிள்ளை. வவுனியாவுக்கு அனுப்பிச் சோதிக்கிறதுதான் முறை" என்றார். வீரகத்தி என் கையைப் பிடித்து அழுதான்: "அண்ணை, அவளை வெட்ட விடாதேங்கோ." நான்தான் விதானையாரைத் தனியே கூட்டிப்போய்க் கதைத்தேன். வாந்திபேதி என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
வெட்டவிடாமல் காப்பாத்தினனான், புண்ணியம் செய்தனான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். ஆரைக் காப்பாத்தினனான்?

02.08.1960
நெடுங்கேணி போனேன். வேறு கதைக்கு நடுவில் வீரகத்தியைக் கேட்டேன், விமலேஸ்வரி செத்த அன்றைக்கு அவ என்ன சாப்பிட்டவ என்று.
"ஒண்டுமில்லை அண்ணை. விடிய எழும்பினதிலையிருந்து வெறும் தண்ணிதான்."
செத்தவீட்டு முற்றத்தில் என்னிடம் சொன்னது வேறு. தான் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைக் குடித்த பிறகுதான் சத்தி எடுத்தாள் என்று சொன்னவன்.
ஒரே சரக்குக்கு இரண்டு ஊர்ப் பெயர் சொல்லுகிறவனிடம் நான் வாங்குவதில்லை. ஆனால் - துக்கத்தில் மனிதனுக்கு மறக்காதா? புத்தகம் வாசித்து என் கண்தான் கெட்டுப்போனதோ?

05.08.1960
பொலிசில் கேட்டேன். உடம்பு எரித்தாயிற்று, விதானையார் எழுதின கடிதம் ஒழுங்காய் இருக்கிறது, கையெழுத்தும் உங்களுடையதுதானே என்றார்கள். ஓம். என்னுடையதுதான்.

09.08.1960
இரணைமடு. ஏரம்பு பந்தலுக்குத் தடி சீவிக்கொண்டிருந்தார்.
"நீர்தானே முதலாளி, ஆள் தங்கம் எண்டு கொண்டுவந்தது?"
"ஓம். இப்ப வேண்டாம் எண்டுறன்."
"உமக்கும் அவனுக்கும் யாவாரத்திலை கொழுவலோ?"
"இல்லை."
"அப்ப என்ன சாட்சி வைச்சிருக்கிறீர்?"
ஒன்றுமில்லை என்றேன். கொலைப் புத்தகத்தில் தொடங்கி, கையெழுத்து வைத்த கதை வரை சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கதவடியில் நின்ற இரஞ்சிதம் உள்ளே போய்விட்டது.
"இது பொய்யெண்டா உம்மைச் சும்மா விடமாட்டன்" என்றார்.
"மெய்யெண்டா?"
அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

15.08.1960
கலியாணம் நின்றுவிட்டது.

16.08.1960
வீரகத்தி கடைக்கு வந்தான். ஆட்கள் நிற்கச் சத்தம் போட்டான். "குப்பைப் புத்தகம் வாசிச்சு என்னைக் கொலைகாரனாக்கிப் போட்டார்! இஞ்சை அரிசி வாங்கிறாக்கள் கவனம், முதலாளி உங்களையும் ஒரு கதைக்குள்ளை சேர்த்துப்போடுவார்!"
எல்லாரும் சிரித்தார்கள். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் தெரியுமென்றால் அந்தப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.
அவன் செய்யவில்லை என்றால் - நான் செய்ததற்கு என்ன பெயர்?

20.10.1960
லொறி ஓடும் சூசைப்பிள்ளை சொன்னார். வீரகத்திக்கு மூதூர்ப் பக்கம் பெண் பேசுகிறார்களாம். முதல் கலியாணம் என்றுதான் பேச்சாம். அந்தப் பேச்சில் விமலேஸ்வரியும் இல்லை, அதற்கு முந்தினவவும் இல்லை.
பெண் வீட்டாரின் பெயரைக் கேட்டு வைத்தேன். கமலாசனியிடம் சொன்னேன். அவள் எழும்பிப் போய்ப் பயணப் பைக்குள் சீலை மடித்து வைத்தாள்.
"இந்தமுறை நானும் வாறன். உங்களைக் கலைச்சாலும் கலைப்பினம். செத்தவளின்ரை தமக்கை வந்து வாசல்லை நிண்டா என்ன செய்வினம்?"
விடிய முதல் பஸ். கடை இரண்டு நாள் பூட்டு.