வரிசையா, ஒரே சின்னமா?

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்றைய போக்கர் சீட்டாட்டத்தில் என் கையில் ஐந்து முதல் ஒன்பது வரை வரிசை, உங்களிடம் ஐந்துமே ஹார்ட்டின். "அஞ்சும் ஒரே சின்னம், என்னோடதுதான் பெரிசு" என்றீர்கள். "வரிசையா சேர்றதுதான் கஷ்டம்" என்று சீட்டை வீசிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் மனசு கேட்கவில்லை. எது அபூர்வமோ அதுதானே பெரிசு? துணி வெட்டும் தாளின் பின்பக்கம் எண்ணிப் பார்த்தேன். வரிசை பத்து இடத்தில் தொடங்கலாம், ஒவ்வொரு சீட்டும் நாலு சின்னத்தில் எதுவாகவும் இருக்கலாம். மொத்தம் 10,240 வழி. ஒரே சின்னமாகச் சேர 5,148 வழிதான், ஏறக்குறைய பாதி! (இரண்டுமாகவே வருவது நாற்பது. அதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.)

ஆக, தோற்றது நான்தான். தோற்றால் அக்காவிடம் நானே முதலில் பேசுவதாகத்தானே பந்தயம்? இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிவிட்டேன். அவளை அழைத்துவரத்தான் பேருந்து நிலையம் போகிறேன்.

கோபித்துக்கொண்டதற்கு மன்னியுங்கள்.

சொல்ல மறந்தேன்: பழைய சண்டையை அவள் எடுக்கவே இல்லை. நான் எண்ணிய கதையைச் சொன்னதும், "அடியே, என்னைக் கூப்பிட இவ்வளவு கணக்கா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.