கனடா நேரத்துக்குத் திருப்பிய கடிகாரம்

லூயிஸ்டன், மெய்ன்
மே 19, 1986

அன்பு மகள் க்ளாடெட்டுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தீவில் இன்னும் பனி போகவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பனி போய், சேறு வந்து, சேறும் காய்ந்து, இப்போது கறுப்பு ஈ பிடுங்குகிற காலம். உன் மருத்துவமனையில் இரவு வேலையை மாற்றிக் கொடுத்தார்களா? வேளைக்குச் சாப்பிடு. அலாஸ்காவில் மீனைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்காதா என்ன?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஜூலைப் பயணம் உறுதியாகிவிட்டது. வண்டியை ஓட்டப்போவது நான். இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள். நானே காலையிலிருந்து நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டேன், பூசைக்குப் போகிற வழியில் தபால்காரர் உள்பட.

நம் வீட்டுப் பயணம் எப்படி என்று உனக்குத் தெரியாததா? அப்பா ஓட்டுவார், நான் வரைபடத்தை மடிப்பேன், நீயும் உன் அண்ணனும் பின் சீட்டில் அடித்துக்கொள்வீர்கள். ஷூ கம்பெனி ஜூலையில் மூடுகிற அந்த இரண்டு வாரம்தான் நமக்கு. மாண்ட்ரியலில் உன் அத்தை வீடு, பிறகு க்யூபெக், புனித அன்னம்மாள் கோவிலில் மெழுகுதிரி, அப்புறம் ஆற்றோரமாகவே ரிவியேர்-து-லூ வரை. அங்கே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, "போதும், திரும்பலாம்" என்பார், அதற்கு மேல் பூமியே இல்லாத மாதிரி. நான் வருஷா வருஷம் அந்தக் கடை வாசலில் நின்று, கிழக்கே போகிற ரோட்டைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறியிருக்கிறேன். அந்த ரோடு காஸ்பே முனையைச் சுற்றிக்கொண்டு, கடலோரமாகவே நியூ பிரன்ஸ்விக் வழியாக நம் மெய்னுக்கு வந்து சேரும். போன வழியே திரும்பாமல் ஒரு முறை முழு வட்டம் போட வேண்டும் என்பது என் ஆசை. கம்பெனியை விட்டு அவர் ஓய்வு பெற்ற அன்று, "சரி கிழவி, இந்த வருஷம் முழு வட்டம் போடலாம்" என்று அவரே சொன்னபோது நான் அடுப்பில் இருந்த அவரையைக் கரியவிட்டேன்.

ஆனால் உன் அப்பாவின் கண். போன அக்டோபரில் போர்ட்லாண்ட் கண் டாக்டரிடம் தனியாகவே போய்வந்தார். "வயசுக்குத் தக்கபடி இருக்கு" என்றார், அதோடு சரி. அதற்குப் பிறகு செய்தித்தாளில் மை மட்டமாகிவிட்டது என்றார். கராஜ் கதவு கோணிப்போச்சு என்றார். கோணினது அவர் வண்டியால் இடித்துத்தான். கோவிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். பாட்டு மனப்பாடம், அதனால் தப்பித்தார். நான் வாயைத் திறந்தால், "நீ பஸ் ஓட்டுறவ, டாக்டர் இல்ல" என்று அடைத்துவிடுவார்.

ஏப்ரலில் உன் அண்ணன் ரெனால்ட் பள்ளி பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து என்னைப் பிடித்தான். "மம்மா, அப்பா ஓட்டினா நானும் டயானும் வர மாட்டோம். என் பொண்ணுங்கள அந்த வண்டியில ஏத்த மாட்டேன். நீயே சொல்லிடு" என்றான். நான் வீட்டில் மெதுவாக, பட்டும் படாமலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் ஓட்டட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். உன் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பொண்டாட்டி ஓட்டுற வண்டியில மூட்டை மாதிரி உக்காந்து காஸ்பே போகணும்னா, நான் வீட்லயே இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அவர் ஓட்டினால் பிள்ளைகள் இல்லை, ஓட்டாவிட்டால் அவர் இல்லை. அவர் இல்லாமல் எனக்கு எந்த வட்டமும் வேண்டாம். மேசையில் விரித்த வரைபடத்தை மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். அன்று நான் அழுதேன், க்ளாடெட். உனக்குத்தான் சொல்கிறேன்.

நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஜனவரிப் பனியில் ஸபாட்டஸ் மேட்டில் இறங்குகிறவள் நான். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. என் சொந்த வண்டியில் மட்டும் எனக்கு மடியில் வரைபடம்தான்.

இப்போது கேள். கடைசி இரவு தங்குவதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம், நியூ பிரன்ஸ்விக் கடலோரத்தில் ஒரு விடுதியை முன்பே எழுதிக் கேட்டு வைத்திருந்தோம். பயணமே கேள்விக்குறி ஆகிவிட்டாலும், அறையை வைப்பதா விடுவதா என்று முடிவு செய்ய, போன வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவரக் கிளம்பினோம். அன்று பார்த்து அவருக்கு முதுகுப் பிடிப்பு. "இன்னிக்கு மட்டும் நீ ஓட்டு" என்றார். முதுகுப் பிடிப்பாம், காலையில் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டியவருக்கு. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க அவர் கால் அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. எல்லைப் பாலத்தில் அதிகாரி, வண்டியில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். அப்பா, "என்னைத்தான், சரக்கு மாதிரி" என்றார். அந்த மனிதர் சிரிக்கவே இல்லை.

மறுநாள் காலை விடுதிக்காரி, எதிரே ஒரு தீவு இருக்கிறது, கடல் இறங்கும்போது நடுவில் மணல்மேடு எழும்பும், அதன் மேல் வண்டியிலேயே போய்வரலாம் என்றாள். ஜூலையில் பேத்திகளுக்குப் பிடிக்குமே, பார்த்து வைக்கலாம் என்று போனோம். பதினொன்றுக்குள் திரும்பிவிட வேண்டும், பிறகு தண்ணீர் மூடிவிடும் என்று பலகையில் எழுதியிருந்ததை நான் வாசித்தேன். நேரம் பார்ப்பது எப்போதும் அவர் வேலை. என் கைக்கடிகாரம் விடுதியில் சோப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. தீவில் நடந்தோம், பன்றிக்கறி மசியல் தடவிய ரொட்டி சாப்பிட்டோம். நான் மணி கேட்ட போதெல்லாம், கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்து, "இன்னும் நிறைய இருக்கு" என்றார். கிளம்பும்போது பத்தேகால் என்றார்.

வண்டியைக் கரைக்குக் கொண்டுவந்தேன். மணல்மேடு இல்லை. காலையில் நாங்கள் வந்த இடத்தில் கடல் சப்தமில்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் பிரேக் போட்டேன்.

"ஏன் நிறுத்தினே? ஓட்டு. நேரம் இருக்கு" என்றார்.

"முன்னால என்ன தெரியுது அடெலார்?" என்று கேட்டேன்.

"ரோடு தெரியுது."

"எப்படி இருக்கு?"

"சாம்பல் கலர்ல. ரோடு எப்பவும் இருக்கிற மாதிரி" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "உனக்குப் பயமா இருந்தா சாவியைக் குடு, நான் ஓட்டுறேன்" என்று கையை நீட்டினார்.

மகளே, நான் சாவியை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினேன். கல்யாணத்தன்று கோவிலை விட்டு வெளியே வந்த மாதிரி இரண்டு பேரும் கை கோத்து நேரே நடந்தோம், தண்ணீர் அவர் ஷூவுக்குள் ஏறுகிற வரை.

அவர் நின்றார். குனிந்து, கையை விட்டு அளைந்து பார்த்தார். நான் திட்டத் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் ஈரக் கையை என் கோட்டில் துடைத்துவிட்டேன்.

"கனடா நேரம்" என்றார் கடைசியில். "ஒரு மணி நேரம் முன்னாலதானே ஓடுது இங்க. என் வாட்சு மெய்ன்ல இருக்கு."

அது உண்மைதான். நாம் வழக்கமாகப் போகிற க்யூபெக்கில் நம் மெய்ன் மணியேதான், நியூ பிரன்ஸ்விக்கில்தான் ஒரு மணி கூட; அப்போது அங்கே பதினொன்றேகால். தன் கடிகாரத்தை எந்த எல்லையிலும் திருப்பிவைக்காத மனிதர் அவர். "என் வாட்சுக்குப் பாஸ்போர்ட் இல்ல" என்று உங்கள் இருவரையும் சிரிக்க வைப்பாரே. எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை, பாதிப் பழி என்மேலும் உண்டு. ஆனால் கடலைப் பார்த்து ரோடு என்றது கடிகாரம் இல்லையே.

மணல்மேடு திரும்ப எழும்பச் சாயங்காலம் ஆகும். பாறையில் உட்கார்ந்தோம். ஈரக் காலுறையைப் பிழிந்து வண்டியின் மூக்கில் காயவைத்தேன். அப்புறம் அவரே சொன்னார்.

"நேரா பார்த்தா நடுவுல ஒண்ணுமே இல்ல, கிழவி. அழிச்ச மாதிரி இருக்கு. ஓரத்துல மட்டும் தெரியுது. டாக்டர் சொன்னாரு, இது நிக்காதாம், மெதுவா பெருசாகுமாம். உன் மூஞ்சியை நேரா பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வண்டியைப் பிடுங்கிக்குவீங்க. வண்டி இல்லன்னா நான் எதுக்கு?"

நான் அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ எதுக்குன்னு கேக்கறியா? சமையல்கட்டுல அடுப்பைத் தவிர எல்லாத்தையும் தப்பான இடத்துல வைக்கிறதுக்கு. பூசையில எனக்குப் பக்கத்துல கத்திப் பாடுறதுக்கு. எனக்கு டிரைவர் வேணும்னா பஸ் டிப்போவுல பத்துப் பேர் இருக்கான். எனக்கு நீதான் வேணும்." அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் என் பண்டிகை. வரைபடத்தை எடுத்துவந்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்து வண்டியின் மூக்கில் விரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வழி சொன்னார். எங்கே திரும்ப வேண்டும், எந்த மேட்டில் வண்டி சூடாகும், எந்த ஊரில் எரிபொருள் ஊற்றுகிறவன் முசுடு. ஒன்றும் தப்பவில்லை. ரிவியேர்-து-லூ வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"அதுக்கப்புறம் நீ சொல்லு. எனக்குத் தெரியாது" என்றார்.

உன் அப்பா வாயிலிருந்து "எனக்குத் தெரியாது" என்று நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? நான் வாசிக்க வாசிக்க, ஊர்ப் பேரையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் திருப்பிச் சொன்னார். மத்தான், காஸ்பே, பெர்சே. அங்கே கடலுக்குள் ஓட்டை விழுந்த பெரிய பாறை ஒன்று நிற்கிறதே, அதன் ஓட்டை நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று கேட்டார். ஓரத்தில் என்றேன். "அப்ப எனக்குத் தெரியும்" என்றார். இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சாயங்காலம் மணல் மறுபடி எழும்பியது. வண்டியைக் கிளப்பப் போனபோது, "மணி எவ்வளவு? இந்த ஊர் மணி" என்றார். இப்போது ஆறரை இருக்கும் என்றேன். கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் தடவித் தடவித் தானே திருப்பிவைத்துக்கொண்டார். அக்கரை சேரும்வரை அவர் கால் ஒரு தடவைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை.

நேற்று மதியம் ரெனால்ட் வீட்டுச் சாப்பாட்டில் கரண்டியால் தம்ளரைத் தட்டி எல்லாரையும் பார்க்க வைத்தார். "உங்க அம்மா ஓட்டப்போறா. நான் இத்தனை வருஷமா ரோட்டை மட்டும்தான் பார்த்தேன். ஊரே பார்க்கல. இந்தத் தடவை ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பார்க்கணும்" என்றார். ரெனால்ட் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டான். உன் அண்ணி டயான் அங்கேயே பெட்டிகள் எத்தனை என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நான் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டு ராணி மாதிரி நின்றேன்.

தீவுக் கதையைத் தெருவெல்லாம் அவர் கடிகாரத்தின் மேல் பழி போட்டுத்தான் சொல்லித் திரிகிறார். நீயும் அப்படியே கேட்டு, அப்படியே சிரி.

இனி உன் விஷயம். ஜூலையில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்தாய். கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் மறுபடி கேள். ஜூலை எட்டாம் தேதி நாங்கள் ரிவியேர்-து-லூவில் இருப்போம். நீ மாண்ட்ரியல் வரை பறந்து வந்து, அங்கிருந்து ரயில் ஏறினால் அந்த ஊரிலேயே இறங்கலாம். நாம் எப்போதும் திரும்புகிற இடத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, இந்தத் தடவை எல்லாரும் ஒன்றாக, திரும்பாமல் நேரே கிழக்கே போவோம். உன் சீட்டை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அப்பா உன்னை வா என்று கேட்க மாட்டார், அவர் குணம் உனக்குத் தெரியும். ஆனால் ரெனால்ட் வீட்டில் சீட்டு எண்ணும்போது உன்னையும் சேர்த்தே எண்ணினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதிவிடாதே, கண்ணே.

மாதா உன்னைக் காக்கட்டும். வழியெல்லாம் புனித அன்னம்மாள் துணை வரட்டும். ரயிலை விட்டு இறங்கியதும் ஓடிவந்து அப்பாவுக்கு நேர் எதிரே நிற்காதே. கொஞ்சம் ஒதுங்கி, அவர் இடது பக்கமாக நில். அங்கே நின்றால் உன் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

என்றும் உன் அம்மா,
லியோனா பிஷெட்
(வண்டி ஓட்டுபவர்)