மேக்கணக்கும் கீழ்க்கணக்கும்

பெப்ரவரி 11

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கொழுந்து பறிக்கிற வடிவோடு நுவரெலியா போய் வந்தேன். மாகாண சபைத் தேர்தலுக்குத் தொகுதி பிரிக்கிறார்கள். ஆட்சேபனையைக் குழுவிடம் நேரிலேயே சொல்லலாமாம். தேர்தலில் நிற்கப்போகிற வடிவே கேட்டால் நன்றாயிருக்காதென்று நான் எழுந்து பேசினேன். "மேக்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒண்ணா இருக்கணுங்க." குழுத் தலைவருக்குப் பக்கத்திலிருந்தவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். தலைவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும்போது வடிவு கடலை வாங்கித் தந்தாள்.

ஜூன் 3

பிரித்துவிட்டார்கள். வடிவு இருக்கிற மேக்கணக்கு ஒரு தொகுதி, கீழே நாங்கள் வேறு தொகுதி. ரெண்டு பக்க ஓட்டும் சேர்ந்தால்தான் நம்ம ஆள் ஒருத்தி சபைக்குப் போக முடியும். நான் சொன்னேனே? எழுதிக்கொண்டாரே?

ஜூன் 5

ஸ்கூலில் படிப்பிக்கிற லோரன்ஸ் சார் சிங்கள அறிக்கையை வாசித்துச் சொன்னார். "தெரேசாக்கா, மேல உள்ள கணக்கும் கீழ உள்ள கணக்கும் சமமா இருக்கணும்னு நீங்க கேட்டதா போட்டிருக்காங்க."

சமமாக்கிவிட்டார்கள். ரெண்டு தொகுதிக்கும் ஆள்தொகை சரியாக வரும்படி எங்களை நடுவில் வெட்டி.

தோட்டத்து டிவிஷனை நாங்க கணக்குன்னுதான் சொல்லுவோம். பொறந்ததுலேருந்து அப்படித்தான். மொழிபெயர்த்த புண்ணியவானுக்கு அது ஆள் கணக்கு, 'ஒண்ணா'ன்னா சமம். கடையில பருப்பு வாங்குறப்ப வர்ற சிங்களம் அன்னைக்கு எங்க போச்சு? டிவிஷன்னு ஒரு வார்த்தை - ஒரே வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்?

ஜூன் 6

வடிவிடம் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை. கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு, "நிக்கத்தான் போறேங்க்கா" என்றாள்.

செப்டெம்பர் 27

மேக்கணக்கில் வரிசைவீட்டு லயம் லயமாக வடிவோடு ஓட்டுக் கேட்டு ஏறி இறங்குகிறேன். எனக்கு அங்கே ஓட்டே இல்லை என்று தெரிந்தும் எல்லாரும் தேத்தண்ணி தருகிறார்கள். முழங்கால் வலி.

ஒக்டோபர் 18

ஓட்டுப் போட்டாயிற்று. எங்கள் ஓட்டுச் சீட்டில் வடிவு பேர் இல்லை. தெரிந்துதான் போனேன், ஆனாலும் மேலிருந்து கீழ்வரை தேடினேன். வேறு யாருக்கும் போடக் கை வரவில்லை. என்ன செய்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஒக்டோபர் 20

வடிவு தோற்றுவிட்டாள்.

ஓட்டு எண்ணும் வேலைக்குப் போயிருந்த லோரன்ஸ் சார் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். "கீழ்க்கணக்குப் பெட்டியில செல்லாத ஓட்டு குமிஞ்சு கெடந்துச்சு. எந்தப் பேருக்கும் புள்ளடிக் குறி போடல. சீட்டுல 'வடிவு'ன்னு எழுதி வச்சிருக்காங்க."

வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் ஒருத்திதான் எழுதினேன் என்று நினைத்திருந்தேன்.