தோட்டத்துக்கு முன் ஒரு படம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வேக்காடு. தாம்பரத்தில் எங்கள் தொண்டு நிறுவன ஆபீஸில் ஏ.சி. மறுபடி மக்கர். பெரும்பாக்கம் அரசுப் பள்ளியில் நாங்கள் போடப்போகும் காய்கறித் தோட்டத்துக்கு லாஜிக் மாடல், அதாவது திட்டத்தின் வரைபடம், மாலைக்குள் நிதி தருபவர்களுக்குப் போயாக வேண்டும். சுவரில் சார்ட். ஐந்து கட்டம்: என்ன கொடுக்கிறோம், என்ன செய்கிறோம், என்ன கிடைக்கும், யார் மாறுவார்கள், ஊர் எப்படி மாறும். நடுவே அம்புக்குறிகள். கடைசிக் கட்டத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். டைரக்டர் சார் முதல் கட்டத்திலிருந்து தொடங்கினார். நிதி தருபவர்கள் பெயர் அங்கேதான் வருகிறது.

"இப்போதைய நிலை" என்று ஒரு வரி. தலைமை ஆசிரியைக்குப் போன். "பின்னாடி காலி இடம்தான் மேடம், ஒண்ணும் இல்ல."

தோட்டம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான் தூரம்.

ஜூலை 10, வியாழன்

இன்றுதான் பள்ளிக்குப் போனேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சிறுகீரை, முளைக்கீரை, கொஞ்சம் வெண்டை. உடைந்த பக்கெட்டுகளில் புதினா. கம்பி வேலியில் அவரைக்கொடி. அரிசி கழுவும் தண்ணீர் சின்ன வாய்க்காலில் வருகிறது.

எல்லாம் மும்தாஜ் அக்கா வேலை. பள்ளியைக் கூட்டிப் பெருக்குபவர். ஆற்றோரத்து வீட்டை இடித்து இங்கே குடியிருப்பில் கொண்டு வந்து போட்டதிலிருந்து கீரை வளர்க்கிறாராம்.

"எட்டாவது மாடில வூடு மிஸ். அங்க எங்க மண்ணு கீது? அதான் இங்க."

கீரை சாம்பாருக்குப் போகிறது. பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எங்கள் நான்காம் கட்டத்தில் 'பிள்ளைகள் கீரை சாப்பிடுவார்கள்' என்று எழுதியது ஏற்கெனவே தட்டில் இருக்கிறது. முதலில் சந்தோஷம். பிறகு அனுப்பிய தாள் ஞாபகம் வந்தது.

ஜூலை 11, வெள்ளி

டைரக்டரிடம் சொன்னேன். "சூப்பர்மா. ஆனா இல்லன்னு அனுப்பியாச்சே. இப்ப இருக்குன்னா, அப்ப நீங்க எதுக்குன்னு கேப்பாங்க. அந்தம்மாவ பயனாளி லிஸ்ட்ல போட்டுடு. திங்கக்கிழமை 'முன்பு' ஃபோட்டோ வேணும், காலியா."

தலைமை ஆசிரியை: "நாலு செடி வெச்சா தோட்டமா? ஆள் விட்டு க்ளீன் பண்ணிடறேன்."

நான் இருவரிடமும் சொன்னது: சரி.

மாலையில் பல்லாவரம் சந்தை. வாங்கியது: விதை, பூவாளி, மண்வெட்டி இரண்டு. கீரை விதையே ஐந்து பாக்கெட். தூ.

ஜூலை 14, திங்கள்

நான் போவதற்குள் முடித்துவிட்டார்கள். செம்மண்ணாகக் கிடந்தது. கீரை வேரோடு மூலையில் குவியல், பாதி வாடிவிட்டது. மும்தாஜ் அக்கா அதில் நல்லதைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா பறிச்சி குடுத்துருப்பேனே மிஸ். ரெண்டு நாள் சாம்பாருக்கு ஆவும்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"யாரு சொன்னது மிஸ்?"

மேலே இருந்து ஆர்டர் என்றேன். பொய். அனுப்பிய தாளில் என் கையெழுத்து.

படம் எடுக்க அவரை நகரச் சொன்னேன். நகர்ந்தார். நான்கு படம். மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

புழுக்கம். வராண்டாவில் பயிற்சி வகுப்பு. நிதி தருபவர்களின் ஆள் பின்வரிசையில், மொபைலில் வீடியோ. பக்கத்தில் டைரக்டர். பயனாளிகள் பன்னிரண்டு பெண்கள். மும்தாஜ் அக்கா முன்வரிசை. தலைமை ஆசிரியை வரச் சொல்லிவிட்டார், வேலையை விட்டுவிட முடியுமா.

பயிற்சியாளர் வயதில் சின்னவர், நல்ல குரல். விதையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுக்கு முன்னாடி கீரை போட்ட அனுபவம் யாருக்காவது இருக்குங்களா?"

எல்லாப் பெண்களும் மும்தாஜ் அக்காவைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லு மிஸ். எனுக்கு அனுபவம் கீதா இல்லியா?"

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார்.

"யாருக்கும் இல்லை சார்," என்றேன் பயிற்சியாளரிடம். "நீங்க ஆரம்பிங்க."